கரைசலில் டிஎன்ஏ வடிவம்: என்எம்ஆர் ஆய்வை முறையாகச் செய்வது எப்படி?

வேலூர், காட்பாடி வட்டாரத்துக் கல்லூரி ஒன்றில் ஆய்வு செய்யும் மாணவர், டிஎன்ஏவின் வடிவத்தைக் கரைசல் நிலையில் என்எம்ஆர் (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) மூலம் அறிய விரும்பினால், இருபரிமாண நிறமாலைகளுக்காகச் சென்னையிலோ பெங்களூருவிலோ உள்ள உயர்புல (வலுவான காந்தமுள்ள) கருவியில் நேரம் கேட்டுக் காத்திருக்க நேரலாம். அந்த நேரம் விலைமதிப்புள்ளது. ஆகவே, காட்பாடி சந்திப்பில் ரயில் ஏறுவதற்கு முன்பே, அருகில் கிடைக்கும் 400 மெகாஹெர்ட்ஸ் கருவியில் ஒருபரிமாண நிறமாலை எடுத்து, மாதிரி தேறுமா என்று பார்த்துவிட வேண்டும்.

பயிற்சிக்கு ஏற்றது, 1980இல் டிக்கர்சன் குழுவினர் படிக வடிவத்தை வெளியிட்ட சிஜிசிஜிஏஏடிடிசிஜிசிஜி என்னும் 12 காரங்களின் (டிஎன்ஏவின் ‘எழுத்து’களான சைட்டோசின், குவானைன், அடினைன், தைமின்) வரிசை. இது தனக்குத்தானே இணையாவதால் ஒரே இழையை வாங்கினால் போதும். அரை மில்லிலிட்டரில் அரை மில்லிமோலார் இரட்டைச்சுருள் கிடைக்க ஏறத்தாழ 2 மில்லிகிராம் டிஎன்ஏ வேண்டும். பிஎச் 7க்கு அருகில் 10 மில்லிமோலார் பாஸ்பேட், 100 மில்லிமோலார் சோடியம் குளோரைடு, 0.1 மில்லிமோலார் இடிடிஏ (உலோக அயனிகளைப் பிடித்துவைக்கும் சேர்மம்) ஆகியவற்றைத் தூய நீரில் கரைத்து, லாக் குறிப்பலைக்காக (கருவியின் காந்தப்புலம் நகராமல் காப்பது) 10 விழுக்காடு கனநீர் (டியூட்டீரியம் கொண்ட நீர்) சேர்க்க வேண்டும். சிறிதளவு இரும்பு அல்லது மாங்கனீசு அயனி கலந்தாலும் குறிப்பலைகள் அகன்றுவிடும். குழாய்த் தண்ணீரைக் கண்ணாடிக் குழாய் கழுவக்கூடப் பயன்படுத்தாதிருப்பது நல்லது. தூய்மிப்பின்போது தங்கிவிட்ட டிரைஎத்தில் அம்மோனியம் 1.2, 3.1 பிபிஎம் (நிறமாலையில் குறிப்பலையின் இடத்தைச் சொல்லும் அளவு) அருகே கூர்மையாகத் தலைகாட்டி, தைமினின் மெத்தில் பகுதியையே மறைத்துவிடும் என்பதால் உப்புநீக்கத்தைச் சுருக்கக் கூடாது. பிறகு 90 டிகிரிக்குச் சூடாக்கி, மெதுவாக ஆறவிட வேண்டும். பனிக்கட்டியில் சட்டென வைத்தால், இவ்வரிசை தன்மேலேயே மடிந்து கொண்டையூசி வடிவம் கொள்ளக்கூடும்.

முதலில் பார்க்க வேண்டியது 12 முதல் 14 பிபிஎம் வரையுள்ள இமினோ பகுதி (கார இணைகளுக்குள் நைட்ரஜனோடு இணைந்த புரோட்டான்கள் தோன்றும் இடம்). ஒவ்வொரு வாட்சன்–கிரிக் கார இணையும் இங்கே ஒரு புரோட்டானைத் தரும்: தைமினுடையது 13.5க்கு மேலும், குவானைனுடையது 12.5 முதல் 13.2க்குள்ளும் பெரும்பாலும் அமையும். 12 இணைகள் இருந்தாலும் சமச்சீர்மையால் 6 குறிப்பலைகளையே எதிர்பார்க்க வேண்டும். முனையிணை அடிக்கடி திறந்து மூடுவதால் அதன் புரோட்டான் நீருடன் பரிமாறி மங்கிவிட, தெளிவாகக் காண்பவை 5. அதற்கு மேல் கூர்மையான குறிப்பலைகள் எழுந்தால் இன்னொரு வடிவமும் கரைசலில் உள்ளது என்று ஐயுற வேண்டும். 10 முதல் 12 பிபிஎம் வரை குவானைன் நால்வரிச்சுருளுக்கு உரிய இடம். நீரின் குறிப்பலையை முன்நிறைவு முறையில் (அதன் அதிர்வெண்ணில் முன்கூட்டியே கதிரூட்டி) அடக்கினால், பரிமாற்றத்தின் வழியே இமினோ குறிப்பலைகளும் சேர்ந்து தேய்ந்துவிடும். நீரை வேறு வழியில் அடக்கும் வாட்டர்கேட் போன்ற துடிப்புத் தொடரே ஏற்றது. வேலூர்க் கோடையில் ஆய்வகக் குளிர்சாதனத்தை நம்பாமல், கருவியின் வெப்பக் கட்டுப்பாட்டை 10 டிகிரியில் நிலைநிறுத்துவது நலம்.

இது தேறினால், மாதிரியை உறையுலர்த்திப் பொடியாகவே எடுத்துச் சென்று, சேருமிடத்தில் 99.96 விழுக்காடு கனநீரில் கரைத்து நோயெசி (இடத்தால் நெருங்கிய புரோட்டான்களைக் காட்டுவது), டாக்ஸி (வேதிப்பிணைப்புகளால் தொடர்புள்ள புரோட்டான்களைக் காட்டுவது) நிறமாலைகளை எடுக்கலாம். டாக்ஸியில் 4 சைட்டோசின்களின் எச்5–எச்6 (எண் புரோட்டானின் இடத்தைக் குறிக்கும்; ′ குறி இருந்தால் அது சர்க்கரையில் உள்ளது) புள்ளிகளையும் 2 தைமின்களின் மெத்தில்–எச்6 புள்ளிகளையும் முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர், சுமார் 250 மில்லிநொடி கலப்புநேர (புரோட்டான்களிடையே காந்தமாற்றம் நிகழ விடும் நேரம்) நோயெசியில், காரப் புரோட்டான்கள் (7–8.5 பிபிஎம்), எச்1′ (5.2–6.2 பிபிஎம்) ஆகியவை சந்திக்கும் கட்டத்தில் காரத்துக்குக் காரம் தாவும் நடை தொடங்குகிறது. டிஎன்ஏவின் வழக்கமான வலச்சுருள் பி வடிவத்தில் ஒவ்வொரு காரத்தின் எச்6 அல்லது எச்8 தன் சர்க்கரையின் எச்1′ உடனும், 5′ பக்கத்து (இழையில் முந்தைய) அண்டையின் எச்1′ உடனும் புள்ளி தரும். முதல் சைட்டோசினுக்கு அண்டை இல்லாததால் ஒரே புள்ளி. அதன் எச்1′ வழியே இரண்டாம் குவானைனின் எச்8, அங்கிருந்து அதன் எச்1′ என்று 12ஆவது காரம் வரை செல்லலாம். நடை இடையில் அறுந்தால் வடிவம் சிதைந்தது என்று உடனே முடிவுகட்டக் கூடாது. 5 டிகிரி மாற்றி மீண்டும் எடுத்தால், ஒன்றன்மேல் ஒன்று விழுந்த புள்ளிகள் பெரும்பாலும் விலகிவிடும்.

தொலைவுகளைக் கணக்கிட 50 முதல் 100 மில்லிநொடி வரையிலான குறுகிய கலப்புநேர நிறமாலையையே பயன்படுத்த வேண்டும். சைட்டோசினின் எச்5–எச்6 தொலைவான 2.45 ஆங்ஸ்ட்ராமை அளவுகோலாகக் கொள்ளலாம். புள்ளியின் செறிவு (வலிமை) தொலைவின் ஆறாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறையும். எச்8–எச்1′ புள்ளி அந்த அளவுகோலுக்கு இணையாகச் செறிந்திருந்தால், அக்காரம் சின் நிலையில் (சர்க்கரையின் மேல் கவிழ்ந்தவாறு) திரும்பியிருக்கிறது. இத்தொலைவுகள் யாவும் 5 அல்லது 6 ஆங்ஸ்ட்ராமுக்குள் அடங்குவதால், சுருள் முழுவதும் எவ்வளவு வளைந்துள்ளது என்பதை அவை உறுதியாகச் சொல்லா. அதற்கு, டிஎன்ஏவைச் சற்றே ஒரு திசையில் நிற்கவைக்கும் பிஎஃப்1 வைரஸ் சேர்த்த கரைசலில் எஞ்சிய இருமுனைப் பிணைப்புகளை (வேதிப்பிணைப்புகளின் திசையைக் காட்டும் அளவுகள்) அளந்து கணிப்பில் சேர்க்க வேண்டும்.