தொலைமருத்துவம்: வீடியோ காலில் தொடங்காதீர்கள்

தொலைமருத்துவம், அதாவது கிராமத்துச் சுகாதார நிலையத்திலிருந்து தூரத்து நிபுணரிடம் ஆலோசனை கேட்பது என்றதும் பலர் மனதில் வருவது வீடியோ கால்தான். திட்டம் போடுகிறவர்களும் கேமரா, பெரிய திரை என்று வாங்கிவிடுகிறார்கள். நிபுணர் ஓய்வாக இருக்கும் நேரம், நோயாளி வந்து உட்காரும் நேரம், சிக்னல் கிடைக்கும் நேரம் மூன்றும் ஒன்றாக அமைவது அபூர்வம். ஆறாத புண், தோல் நோய், எக்ஸ்ரே போன்ற பலவற்றுக்கு நேரலையே தேவையில்லை. படமும் குறிப்பும் போய்ச் சேர்ந்து, சில மணி நேரம் கழித்துப் பதில் வந்தால் போதும். 1999-இல் பிரிட்டனின் ஸ்வின்ஃபென் அறக்கட்டளை வங்கதேசத்து மருத்துவமனை ஒன்றை வெளிநாட்டு நிபுணர்களோடு இணைத்தது டிஜிட்டல் கேமராவையும் ஈமெயிலையும் வைத்துத்தான்.

சரி, படம் அனுப்புகிறோம். அதிலும் ஒரு பிழை. புண்ணை மட்டும் கிட்டத்தில் எடுத்து, "டாக்டர், இது என்ன?" என்று கேட்டால், அது காலா கையா என்றே அவருக்குத் தெரியாது. தள்ளி நின்று ஒன்று, கிட்டப் போய் ஒன்று, பக்கத்தில் ஓர் அளவுகோல். கூடவே வயது, எத்தனை நாளாக, காய்ச்சல் உண்டா, இதுவரை கொடுத்த மருந்து. "இங்கேயே வைத்துப் பார்க்கலாமா, உடனே அனுப்பணுமா?" என்று கேட்டால் பதிலும் தெளிவாக வரும். தனிப்பட்ட வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள். நோயாளியின் படம் பத்துப் பேர் போனில் கிடக்கும்.

நிபுணர்கள் பக்கத் தவறு வேறு. சுகாதார நிலையத்து அலமாரியில் இல்லாத மருந்தை எழுதுவார்கள். என்ன இருப்பு என்ற பட்டியல் அவர்களிடம் முன்பே இருக்க வேண்டும்.

என் கணக்கில் பெரிய தவறு, நிலையத்தில் நோயாளியைப் பார்க்கும் சுகாதாரப் பணியாளரைத் தபால்காரராக நடத்துவது. "இந்த மாத்திரையைக் கொடு" என்று முடித்துவிட்டால் அடுத்த நோயாளிக்கும் அவர் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஏன் என்று இரண்டு வரி சேர்த்தால் அவரே கற்றுக்கொள்வார். 2003-இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் மருத்துவர் சஞ்சீவ் அரோரா தொடங்கிய 'எக்கோ' திட்டம் இதைத்தான் செய்தது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி நோயாளிகளைப் பற்றி நிபுணர்கள் வாராவாரம் கிராமப்புற மருத்துவர்களோடும் செவிலியர்களோடும் கூடிப் பேசினார்கள். 2011-இல் வெளிவந்த ஆய்வில், அந்தக் கிராமப்புற மருத்துவர்களும் செவிலியர்களும் குணப்படுத்திய விகிதம் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு இணையாக இருந்தது.

அப்புறம், அவசர கேஸ். வலிப்பு, பிரசவ ரத்தப்போக்கு என்றால் பதிலுக்குக் காத்திருக்கக் கூடாது. எந்த அறிகுறிக்கு யாரையும் கேட்காமல் வண்டியைக் கூப்பிடலாம் என்பது முதல் நாளே சுவரில் ஒட்டியிருக்க வேண்டும்.