சின்னப் பிள்ளைகளைக் கேரல் ரவுண்ட்ஸ் கூட்டிப் போக

கேரல் ரவுண்ட்ஸ் என்றால் கிறிஸ்துமஸ் சமயத்தில் வீடு வீடாகப் போய்ப் பாடுவது. பெரம்பூரில் எங்கள் சர்ச் பெரியவர்களின் ரவுண்ட்ஸ் ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் களைகட்டும். அதில் ஐந்து வயதுப் பிள்ளையைச் சேர்த்தால் மூன்றாவது வீட்டிலேயே அப்பா தோளில் தூங்கிவிடும். சண்டே ஸ்கூல் சின்ன வகுப்புக்குத் தனி ரவுண்ட்ஸ் வையுங்கள். ஆறு மணிக்குக் கிளம்பி எட்டுக்குள் முடித்துவிட வேண்டும். டிசம்பரில் ஆறு மணிக்கே இருட்டி, வாசல்களில் ஸ்டார் எரிய ஆரம்பித்துவிடும். அவர்களுக்கு அதுவே நடுராத்திரி.

அரையாண்டுத் தேர்வு அட்டவணையைப் பார்த்துத்தான் தேதி குறிக்க வேண்டும். கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் பிராக்டிஸ் வைத்தால் எந்த அம்மாவும் அனுப்ப மாட்டார், நானும் அனுப்ப மாட்டேன். அதனால் நவம்பரிலேயே ஞாயிறு வகுப்பின் கடைசிப் பத்து நிமிடத்தில் பாட்டைச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

மூன்று பாட்டு போதும். இரண்டு தமிழ், ஒன்று இங்கிலீஷ். ஒவ்வொன்றிலும் பல்லவியும் ஒரு சரணமும். எழுதிய தாளைக் கையில் கொடுக்காதீர்கள். படிக்கத் தெரியாத பிள்ளைகள் தாளைச் சுருட்டிப் பக்கத்திலிருப்பவன் தலையில் தட்டும். சுருதிதான் முக்கியம். கீபோர்டு வாசிக்கும் அண்ணன் தன் குரலுக்கு வசதியாக இறக்கி வைத்தால் பிள்ளைகளின் சத்தம் தொண்டையைத் தாண்டாது. டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்திச் சுருதியை ஏற்றச் சொல்லுங்கள். கீபோர்டைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏற முடியாதென்றால் ஒரு கஞ்சிரா போதும்.

அப்புறம் கிறிஸ்துமஸ் தாத்தா. பாரிமுனையில் விற்கிற அந்த ரோஸ் கன்னத்து முகமூடியைப் பார்த்து, பாட வந்த பிள்ளையே அலறுவது வழக்கம். தாத்தா வேஷம் போடுகிறவர், பிள்ளைகள் கண் முன்னாலேயே, “நான்தான்டா, உங்க சார்” என்று பேசிக்கொண்டே முகமூடியை மாட்டட்டும். அப்படியும் பயந்தால் தாடி மட்டும் போதும். அது ஏன் தாத்தாவுக்குக் கறுப்பு மீசை என்று கேட்பார்கள், கேட்கட்டும்.

வீட்டுப் பட்டியலை முன்கூட்டியே போட்டு, போன் செய்து சொல்லிவிடுங்கள். நடக்கிற தூரத்தில் பத்து வீடு போதும். அந்த வருடம் துக்கம் நடந்த வீடு என்றால் வரலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வரச் சொன்னால் கஞ்சிரா இல்லாமல் மெதுவான பாட்டு ஒன்று, சின்ன ஜெபம், கிளம்பிவிடலாம். பக்கத்து வீட்டு மாமி எங்கள் வீட்டுக்கும் வாங்களேன் என்றால் கட்டாயம் போங்கள். அங்கேதான் பிள்ளைகள் உற்சாகமாகப் பாடும், சுண்டலும் கிடைக்கும். அபார்ட்மெண்ட் என்றால் செக்யூரிட்டியிடம் மதியமே சொல்லி வைப்பது நல்லது. நாய் வளர்க்கும் வீட்டில் கட்டிவிட்டார்களா என்று உறுதி செய்த பிறகுதான் கேட்டைத் திறக்க வேண்டும்.

எல்லா வீட்டிலும் ஜூஸ் கொடுப்பார்கள். ஒரே வீட்டில் மட்டும் குடிக்க விடுங்கள், இல்லையென்றால் அடுத்த தெரு முழுக்க பாத்ரூம் தேட வேண்டியிருக்கும். கேக், அச்சு முறுக்கு எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டுக் கடைசியில் பங்கு பிரித்துக்கொள்ளலாம். பெருமழை என்றால் தள்ளி வையுங்கள். தூறலுக்குக் குடை போதும்.

கடைசி வீடு சர்ச்சுக்குப் பக்கத்தில் இருக்கட்டும், பெற்றோர் வந்து அழைத்துப் போக வசதி. காணிக்கை உண்டியலைப் பிள்ளைகள் முன்னாலேயே திறந்து எண்ணுங்கள். வெளியே அப்பா எத்தனை தடவை ஹாரன் அடித்தாலும், மொத்தம் எவ்வளவு என்று தெரியாமல் ஒன்றுகூட நகராது.