சமுதாயக் கல்லூரியிலிருந்து வடிவமைப்புப் பட்டத்துக்கு: யூனிட் கணக்கில் தொலையும் போர்ட்ஃபோலியோ

கலிஃபோர்னியாவில் 116 சமுதாயக் கல்லூரிகள் உள்ளன. 'கம்யூனிட்டி காலேஜ்' என்று எல்லோரும் சொல்லும் இவற்றில் இரண்டு ஆண்டுகள் படித்துவிட்டு, யூ.சி. எனப்படும் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் வளாகம் ஒன்றிலோ, சி.எஸ்.யூ. எனப்படும் மாநிலப் பல்கலைக்கழகத்தின் வளாகம் ஒன்றிலோ மூன்றாம் ஆண்டில் சேரும் வழியை 1960ஆம் ஆண்டின் மாநில உயர்கல்வித் திட்டம் வகுத்துத் தந்தது. மாநிலத்தில் வசிப்பவருக்கு செமஸ்டர் முறையில் யூனிட் (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு) ஒன்றுக்கு 46 டாலர்தான் கட்டணம் என்பதால், குப்பர்டினோ, ஃப்ரீமான்ட் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இந்த வழி பழக்கமானதுதான். ஆனால் அவர்கள் கேள்விப்பட்டிருக்கும் அனுபவங்களில் பெரும்பாலானவை கணினி, பொருளியல், உயிரியல் படித்தவர்களுடையவை. அந்த அனுபவத்தை அப்படியே வடிவமைப்புப் படிப்புக்குப் பொருத்திப் பார்ப்பதிலிருந்துதான் பல தவறுகள் தொடங்குகின்றன.

மற்றப் படிப்புகளில் யூனிட்டும் ஜி.பி.ஏ. எனப்படும் மதிப்பெண் சராசரியும் முன்தேவைப் பாடங்களும் சேர்ந்தால் விண்ணப்பம் முழுமை பெற்றுவிடும். வடிவமைப்பில் அவை பல்கலைக்கழகத்தின் வெளிவாசல் வரைதான் கொண்டுபோகும். துறையின் உள்வாசலைத் திறப்பது பல இடங்களில் போர்ட்ஃபோலியோ, அதாவது மாணவர் தம் கையால் செய்த படைப்புகளின் தொகுப்பு. இரண்டு வாசலுக்கும் காலக்கணக்கு வேறு என்பதைக் கவனிக்காமல் விடுவதே நான் பார்த்தவற்றுள் மிகப் பெரிய தவறு.

அது எப்படி நேர்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு மாணவி முதல் ஆண்டில், எந்தத் துறையினரும் படித்தாக வேண்டிய பொதுக்கல்விப் பாடங்கள் அனைத்தையும் முடித்துவிட்டு, இரண்டாம் ஆண்டில் நிம்மதியாக வரைதலும் வண்ணமும் எழுத்துருவியலும் (டைபோகிராஃபி) படிக்கலாம் என்று திட்டமிடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். எந்தப் பெற்றோருக்கும் இது நியாயமான திட்டமாகவே தோன்றும். ஆனால் அடுத்த இலையுதிர்காலச் சேர்க்கைக்கான விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கும் காலம் அக்டோபர் 1ஆம் தேதி தொடங்கி நவம்பர் இறுதியையொட்டி முடிந்துவிடுகிறது. படைப்புகளைக் கேட்கும் துறைகள் அதற்குப் பிந்தைய சில வாரங்களிலேயே அவற்றையும் கேட்டுவிடுகின்றன. ஆகவே இரண்டு ஆண்டுகளில் மாற விரும்பும் மாணவி, தன் மூன்றாவது செமஸ்டரின் நடுவிலேயே போர்ட்ஃபோலியோவை ஏறக்குறைய முடித்திருக்க வேண்டும். இரண்டாம் ஆண்டில்தான் பென்சிலைக் கையில் எடுத்தவளிடம் அப்போது இருப்பவை ஒரே செமஸ்டரின் பாதி வேலைகள்தாம். நான்காவது செமஸ்டரில் அவள் செய்யப்போகும் மிகச் சிறந்த படைப்புகளைத் தேர்வாளர்கள் பார்க்கவே போவதில்லை.

இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. ஸ்டுடியோ வகுப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டவை. இருபரிமாண வடிவமைப்பு முடித்தால்தான் அடுத்த நிலை, அதை முடித்தால்தான் எழுத்துருவியல் அல்லது வரைகலை (கிராஃபிக் டிசைன்) என்று பல கல்லூரிகளில் சங்கிலி போலப் போகும். சங்கிலியின் நடுவில் உள்ள வகுப்பு ஆண்டுக்கு ஒரு முறைதான் நடக்கும் என்றாலோ, அதில் இடம் நிரம்பிவிட்டது என்றாலோ, ஓராண்டு முழுவதும் கையை விட்டுப் போகும். முதல் செமஸ்டரிலேயே வரைதலையும் இருபரிமாண வடிவமைப்பையும் எடுத்துக்கொண்டு, பொதுக்கல்விப் பாடங்களை நான்கு செமஸ்டர்களிலும் பரவலாகப் பிரித்துப்போடுவதே பொருத்தமான வரிசை.

அதற்காக ஒரே செமஸ்டரில் மூன்று ஸ்டுடியோ வகுப்புகளைத் திணிப்பதும் சரியாகாது. மூன்று யூனிட் ஸ்டுடியோ வகுப்பு வகுப்பறையிலேயே வாரத்துக்கு ஆறு மணி நேரத்தை எடுத்துக்கொள்வது வழக்கம். வீட்டில் செய்யும் வேலை தனி. யூனிட் எண்ணிக்கையை மட்டும் பார்த்து 'பன்னிரண்டு யூனிட்தானே' என்று நினைப்பவர்கள் அக்டோபர் மாதத்தில் தூக்கமில்லாமல் நிற்பார்கள்.

பொதுக்கல்வியில் நேரும் தவறுகள் வேறு வகையானவை. 2025 இலையுதிர்காலம் முதல் புதிதாகச் சேர்பவர்களுக்கு யூ.சி., சி.எஸ்.யூ. இரண்டுக்கும் பொதுவாக கால்-ஜெட்சி என்ற ஒரே பாடத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. 34 செமஸ்டர் யூனிட்கள் கொண்ட இதில் ஒவ்வொரு பாடத்திலும் குறைந்தது சி மதிப்பெண் வேண்டும், சி மைனஸ் செல்லாது. முன்னர் கல்லூரியில் சேர்ந்த அண்ணனோ அக்காவோ வைத்திருந்த பழைய பட்டியலைப் பார்த்துப் பாடம் எடுப்பவர்கள் இந்த மாற்றத்தைத் தவறவிடுகிறார்கள். வாய்மொழித் தொடர்பாடல் பாடம் அதற்கு நல்ல உதாரணம்: யூ.சி.க்கு மட்டும் விண்ணப்பிப்பவர்கள் முன்பு அதைத் தவிர்த்துவிட முடிந்தது. இப்போது தொகுப்புக்குள்ளேயே அது இடம்பெற்றுவிட்டது. சி.எஸ்.யூ.வோ அந்தப் பாடத்தையும் ஆங்கில எழுத்து, தர்க்கச் சிந்தனை, கணிதம் ஆகியவற்றையும் சேரும் முன்பே முடித்திருக்க வேண்டும் என்று எப்போதும் வற்புறுத்தி வந்திருக்கிறது.

வடிவமைப்பு மாணவர்கள் தனியாக ஏமாறும் இடம் ஒன்றும் உண்டு. பொதுக்கல்வியில் 'கலை' என்றொரு பிரிவு இருப்பதால், தாங்கள் எடுத்திருக்கும் வரைதல் வகுப்பே அதை நிறைவு செய்துவிடும் என்று அவர்கள் நம்பிவிடுகிறார்கள். அந்தப் பிரிவு கேட்பது வரலாறும் கோட்பாடும் விமரிசனமும் முதன்மையாக உள்ள பாடத்தை. கையால் செய்து பழகும் பயிற்சி வகுப்பு பொதுவாக அதில் சேராது. கலை வரலாற்றுப் பாடத்தை எடுத்தால் அந்தப் பிரிவும் நிறையும், பல வடிவமைப்புத் துறைகள் கேட்கும் முன்தேவையும் தீரும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் விழும் இடங்கள் இந்தப் பயணத்தில் மிகக் குறைவு. இது அவற்றுள் ஒன்று.

எந்தப் பாடம் எதற்கு ஈடாகும் என்பதை அசிஸ்ட் என்ற அதிகாரபூர்வத் தளம் காட்டுகிறது. அதைப் பார்ப்பவர்கள்கூடத் தவறாகப் பார்ப்பதுண்டு. ஒரு பாடம் யூ.சி.க்கு மாற்றத்தக்கது என்பதும், குறிப்பிட்ட வளாகத்தின் குறிப்பிட்ட பட்டத்துக்கு முன்தேவையாக அது ஏற்கப்படும் என்பதும் இரண்டு வேறு செய்திகள். முதலாவது உண்மையாக இருந்தால் யூனிட் கணக்கில் வரவு விழும். இரண்டாவது இல்லையென்றால் அங்கே போய் அதே அடிப்படை வகுப்பில் மறுபடியும் உட்கார நேரும். அந்தத் தளத்தில் உங்கள் கல்லூரி, போக விரும்பும் வளாகம், படிப்பு, கல்வியாண்டு ஆகிய நான்கையும் தேர்ந்து பார்க்க வேண்டும். ஈடான பாடம் உங்கள் கல்லூரியில் இல்லை என்று அங்கே குறிப்பிட்டிருந்தால், பக்கத்துக் கல்லூரியில் அது நடக்கிறதா என்று தேடலாம். ஒரே சமயத்தில் இரண்டு சமுதாயக் கல்லூரிகளில் பாடம் எடுப்பதற்குத் தடையில்லை.

அப்படித் தேடும்போது கல்வியாண்டு முறையைக் கவனிக்க வேண்டும். டி ஆன்சா, ஃபுட்ஹில் கல்லூரிகள் கல்வியாண்டை மூன்று பருவங்களாகப் பிரிக்கும் குவார்ட்டர் முறையில் இயங்குகின்றன. ஒலோனி, மிஷன், வெஸ்ட் வேலி ஆகியவை இரண்டாகப் பிரிக்கும் செமஸ்டர் முறையில் இயங்குகின்றன. மூன்றாம் ஆண்டில் சேரத் தேவையான 60 செமஸ்டர் யூனிட்கள் குவார்ட்டர் கணக்கில் 90 ஆகும். எண்ணை மாற்றுவது எளிது. இரண்டு மூன்று குவார்ட்டர்களாகத் தொடரும் பாட வரிசையைப் பாதியில் விட்டுவிட்டு மீதியை வேறு கல்லூரியில் தொடர்வதுதான் சிக்கல். பாதி முடித்த வரிசைக்கு ஈடே கிடைக்காமல் போகலாம். ஒரு வரிசையை எங்கே தொடங்கினீர்களோ அங்கேயே முடியுங்கள்.

'வடிவமைப்பு' என்ற சொல்லையே எல்லா இடத்திலும் ஒரே பொருளில் எடுத்துக்கொள்வதும் தவறுதான். யூ.சி. டேவிஸின் வடிவமைப்புப் பட்டத்தில் துணி, ஆடை, உள்ளரங்கம், கண்காட்சி, காட்சித் தொடர்பாடல் ஆகியவற்றுக்கு இடமுண்டு. யூ.சி.எல்.ஏ.வின் டிசைன் மீடியா ஆர்ட்ஸ் துறை ஊடாடும் ஊடகம், நிகழ்படம், விளையாட்டு போன்றவற்றோடு நெருங்கியது. பொது விண்ணப்பத்துக்கு மேல் துணை விண்ணப்பத்தையும் படைப்புகளையும் கேட்கிறது. யூ.சி. சான் டியேகோவில் செயலிகளையும் பயன்பாட்டு அனுபவத்தையும் வடிவமைக்க விரும்புகிறவர் அறிவாற்றல் அறிவியல் துறையின் கீழ் உள்ள வடிவமைப்புச் சிறப்புப் பிரிவைத் தேடிப் போவார்; அதற்கு முன்தேவையாக நுண்கணிதமும் நிரலாக்கமும் புள்ளியியலும் நிற்கும், கரித்துண்டு ஓவியம் நிற்காது. சான் ஹொசே மாநிலப் பல்கலைக்கழகத்தின் தொழில்துறை வடிவமைப்போ பொருளைக் கையால் செய்து பார்க்கிறவர்களுக்கானது. இவை எல்லாவற்றுக்கும் ஒரே பாடத் திட்டத்தைக் கொண்டு தயாராக முடியாது. முதல் ஆண்டு முடிவதற்குள் இரண்டு அல்லது மூன்று படிப்புகளாகப் பட்டியலைக் குறுக்கிவிட்டு, அவற்றின் முன்தேவைகளை ஒரே தாளில் பக்கம் பக்கமாக எழுதிப் பார்த்தால், எவை பொது, எவை தனி என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

'உறுதி' என்ற சொல்லையும் கவனமாகப் படிக்க வேண்டும். டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு யூ.சி. வளாகங்கள் டேக் என்ற சேர்க்கை உறுதியைத் தருகின்றன. அவற்றுள் ஒன்றை மட்டுமே தேர்ந்தெடுத்து, செப்டம்பர் மாதத்துக்குள், அதாவது பொது விண்ணப்பத்துக்கும் முன்பாக, அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ வளாகங்களில் இந்த ஏற்பாடு இல்லை. தருகிற வளாகங்களிலும் சில படிப்புகள் விலக்கப்பட்டிருக்கும், சிலவற்றுக்குக் கூடுதல் நிபந்தனை இருக்கும். இதேபோல 2010ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த, சமுதாயக் கல்லூரியே தரும் மாறுதலுக்கான இணைப் பட்டம் சி.எஸ்.யூ. அமைப்புக்குள் எங்காவது ஓர் இடத்தை உறுதி செய்கிறதே தவிர, நீங்கள் விரும்பும் வளாகத்தையோ வரைகலைத் துறையின் இடத்தையோ உறுதி செய்வதில்லை. ஸ்டுடியோ ஆர்ட்ஸில் இணைப் பட்டம் பெற்றுவிட்டதால் வரைகலைப் பட்டம் கையில் வந்துவிட்டது என்று இருந்துவிடுவது ஆபத்து. சில வளாகங்களில் உள்ளே சேர்ந்த பிறகும் போர்ட்ஃபோலியோ ஆய்வு ஒன்று காத்திருக்கும். அதில் தேறினால்தான் நுண்கலைப் பட்டப் பிரிவுக்குள் போக முடியும்.

இனிப் போர்ட்ஃபோலியோவுக்கு வருவோம். ஒரே வகுப்பில் இருபத்தைந்து பேரும் ஒரே பயிற்சியைச் செய்கிறார்கள். அந்த இருபத்தைந்து பேரில் பலர் ஒரே துறைக்கு விண்ணப்பிக்கிறார்கள். தேர்வாளர் ஒரே சாயல் கொண்ட ஒன்பது கட்ட வண்ணப் பயிற்சியை எத்தனை முறை பார்ப்பார் என்று எண்ணிப் பாருங்கள். வகுப்பு வேலைகளை மட்டும் அடுக்கி அனுப்புவது தவறு. ஆனால் வகுப்புக்கு வெளியே செய்தது என்பதற்காக, பிடித்த அனிமே பாத்திரங்களைப் பார்த்து வரைந்த படங்களால் தொகுப்பை நிரப்புவது அதைவிடப் பெரிய தவறு. வேறொருவரின் படைப்பை நன்றாகப் பிரதியெடுக்கத் தெரியும் என்பதற்கு மேல் அவை எதையும் சொல்வதில்லை. அப்பாவின் மளிகைக் கடைக்கு ஒரு விலைப் பலகை, பாட்டிக்கு மாத்திரை நேரத்தைச் சொல்லும் ஓர் அட்டை, கோயில் விழாவுக்கு இரு மொழிகளில் ஓர் அறிவிப்பு என்று யாருக்காகவோ, ஏதோ ஒரு தேவைக்காகச் செய்த வேலைக்குத் தனி எடை உண்டு. தமிழ் எழுத்தையும் ஆங்கில எழுத்தையும் ஒரே பக்கத்தில் இசைவாக அமைப்பது எளிய வேலையல்ல. அதைச் செய்து பார்த்த மாணவர் எழுத்துருவியலைப் பற்றிப் பேசுவதற்குச் சொந்தமாக ஏதோ ஒன்றைப் பெற்றுவிடுகிறார்.

முடிந்த வடிவத்தை மட்டும் காட்டி, அதை எட்டிய வழியை மறைப்பதும் பரவலான பழக்கம். ஸ்கெட்ச் புத்தகத்தின் அடித்தல் திருத்தல், ஒதுக்கிய யோசனைகள், அட்டையை வெட்டி ஒட்டிய முதல் மாதிரி ஆகியவற்றைக் குப்பையில் போடுகிற மாணவர், தம் சிந்தனைக்கான சான்றைக் குப்பையில் போடுகிறார். எண்ணிக்கையைப் பற்றிச் சொல்வதானால், துறை கேட்கும் எண்ணை மீறாதீர்கள். பலவீனமான ஒன்று பலமான நான்கின் மதிப்பைக் குறைத்துவிடும். இன்னொரு சாதாரண விஷயமும் உண்டு, அதனாலேயே எல்லோரும் மறப்பது: செமஸ்டர் முடிந்ததும் எடுத்துப்போகாத ஓவியங்கள் ஸ்டுடியோவிலிருந்து அகற்றப்பட்டுவிடும், கரித்துண்டு ஓவியங்கள் சுருட்டி வைத்தால் அழிந்துவிடும். ஒவ்வொரு வேலையையும் முடித்த வாரமே, நிழலான பகல் வெளிச்சத்தில், நேராக நின்று படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நவம்பரில் இரவு விளக்கின் மஞ்சள் ஒளியில் எடுத்த படத்தில் உங்கள் வண்ணத் தேர்வு எதுவும் தெரியாது.

யூ.சி. விண்ணப்பத்தில் நான்கு கேள்விகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் 350 சொற்களுக்குள், பதில் எழுத வேண்டும்; அவற்றுள், தேர்ந்த படிப்புக்கு எப்படித் தயாரானீர்கள் என்ற கேள்வி மாறுதல் மாணவர் அனைவருக்கும் கட்டாயம். 'சிறு வயதிலிருந்தே வரைவது பிடிக்கும்' என்று தொடங்கும் பதில் அந்தக் கேள்விக்குப் பதிலாகாது. எந்த வகுப்பில் எந்தச் சிக்கல் வந்தது, அதை எப்படித் தீர்த்தீர்கள் என்பதே அங்கே கேட்கப்படுகிறது.

மதிப்பெண் பக்கம் இரண்டு எச்சரிக்கைகள் போதும். ஸ்டுடியோ வகுப்பில் மதிப்பெண் குறையுமோ என்று பயந்து தேர்ச்சி மட்டும் குறிக்கும் முறைக்கு மாறிக்கொள்ளாதீர்கள். முன்தேவைப் பாடங்கள் எழுத்து மதிப்பெண்ணோடு இருப்பதே பாதுகாப்பு. உயர்நிலைப் பள்ளிக் காலத்தில் கோடை விடுமுறையில் வேறொரு கல்லூரியில் எடுத்த ஒற்றை வகுப்பையும் விண்ணப்பத்தில் குறிப்பிட வேண்டும். மறந்தே போனாலும் அது மறைத்ததாகவே படும்.

எஃப்-1 விசாவில் படிப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு சுமை உண்டு. இலையுதிர்கால, வசந்தகாலப் பருவங்கள் ஒவ்வொன்றிலும் 12 யூனிட்களுக்குக் குறையாமல் எடுத்தாக வேண்டும்; அந்தக் கணக்கில் முழுவதும் இணையவழியில் நடக்கும் வகுப்பு ஒன்றுதான் சேரும். பிடிக்காத ஸ்டுடியோ வகுப்பைப் பாதியில் கைவிடும் முன் கல்லூரியின் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேட்காதவர் விசா நிலையையே இழக்க நேரும்.

சேர்க்கைக் கடிதம் வந்த பிறகும் அந்தச் சேர்க்கை நிபந்தனைக்கு உட்பட்டதுதான். கடைசி செமஸ்டரில் எடுப்பதாகச் சொன்ன பாடத்தைச் சத்தமில்லாமல் கைவிட்டால் அது ரத்தாகக்கூடும். கால்-ஜெட்சி முடித்ததற்கான சான்றும் தானாகப் போய்ச் சேராது; கடைசியாகப் படித்த கல்லூரியில் கேட்டு அனுப்பச் சொல்ல வேண்டும். ஸ்டுடியோ வகுப்புகளின் பாடத்திட்டத் தாள்களையும், அந்தந்த வகுப்பில் செய்த வேலைகளின் படங்களையும் ஒரே கோப்பில் சேர்த்து வைத்திருங்கள். புதிய துறையின் ஆலோசகர் 'எழுத்துருவியல் முதல் நிலையை இங்கே மறுபடியும் எடுக்க வேண்டும்' என்று சொல்லும்போது, அந்தக் கோப்பை மேசைமேல் வைத்து, முடித்த பாடத்தை ஏற்கும்படி எழுத்து மூலம் கேட்க முடியும்.