‘கேரி வெயிட்’: நான் சறுக்கிய இடம்

தக்கலையில் மாலை நேரத்தில் ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். போன வாரம் வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்கும் நர்ஸ் பிள்ளை ஒருத்தி, மேலதிகாரி கையெழுத்துக்காகத் தானே தயாரித்த சிபாரிசுக் கடிதத்தைக் காட்டினாள். மூன்றாவது வரியிலேயே எனக்கு வயிற்றைக் கலக்கியது. 20 வருடங்களுக்கு முன் நான் எழுதிய அதே வரி!

ஸ்பெல்லிங், வினையின் காலம் (டென்ஸ்) மாறுவதையெல்லாம் விடுங்கள். எழுத எழுதச் சரியாகிவிடும்.

அவளுக்கு வேண்டியிருந்த ஆங்கிலத் தொடர் ‘கேரி வெயிட்’. அதாவது, ஒருவர் சொல்லோ ஒரு சான்றோ பிறரிடம் எடுபடுவது. ‘ஏழை சொல் அம்பலம் ஏறாது’ என்கிறோமே, அந்த அம்பலம் ஏறுகிற சங்கதிதான்.

எடையை வீசாதீர்கள்

அவள் எழுதியிருந்தது: ‘ஷீ த்ரோஸ் ஹெர் வெயிட் அரவுண்ட் இன் தி வார்டு.’ வார்டில் தன் பேச்சுக்கு மதிப்பு உண்டு என்று சொல்ல நினைத்திருக்கிறாள். படிப்பவருக்குக் கிடைக்கும் பொருளோ, ‘வார்டில் எல்லோரையும் அதிகாரம் பண்ணி மிரட்டுகிறாள்.’

பக்கத்து வீட்டு அண்ணன் வளைகுடாவுக்குப் போக முயன்றபோது அவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவன் நான். ‘வெயிட்’ வருகிற தொடர் எல்லாம் ஒன்றுதான் என்ற நினைப்பு. அவருடைய முதலாளியும் என் ஆங்கிலத்தை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அங்கிருந்து போனில் கேட்ட ஒரே கேள்வி: ‘ஆள் சண்டைக்காரரா?’ அந்த விசா வரவே இல்லை. வேறொரு வேலை கிடைக்க அண்ணனுக்கு இரண்டு வருடம் ஆனது. இன்றைக்கும் பஸ் ஸ்டாண்டில் பார்த்தால், “என்ன மக்கா, இன்னும் எடைய வீசுதியா?” என்பார். சிரித்துக்கொண்டுதான் கேட்பார், எனக்குத்தான் சிரிப்பு வராது.

‘புல் யுவர் வெயிட்’ இன்னொரு வம்பு. தன் பங்கு வேலையை ஒழுங்காகச் செய்வது என்று பொருள். மதிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

‘வெயிட்டான ஆள்’

நம்மூர்ப் பேச்சு. ‘ஹி இஸ் வெரி வெயிட்’ என்று ஆங்கிலத்தில் கிடையாது. ஆளை விட்டுவிட்டு அவர் சொல்லை, கருத்தை எழுவாயாக்குங்கள். இல்லாவிட்டால் உடம்பைச் சொல்வதாகக்கூட நினைப்பார்கள்.

யாரிடம் எடுபடும்?

‘டு’ வேண்டாம், ‘வித்’ போடுங்கள். 1956 நவம்பர் 1-ல் குமரி தமிழகத்தோடு சேர்ந்ததே, அதற்கான போராட்டத்தை நடத்திய தலைவர் மார்ஷல் நேசமணியின் சொல் இங்குள்ள தமிழர்களிடம் எடுபட்டது. ‘ஹிஸ் வேர்ட்ஸ் கேரீட் வெயிட் வித் தெம்.’ நர்ஸ் பிள்ளையின் வரியையும் இதே அச்சில் மாற்றினோம்: ‘ஹெர் ஒபீனியன் கேரீஸ் வெயிட் வித் தி டாக்டர்ஸ்.’

‘ஹோல்ட் வாட்டர்’ வேறு

அது வாதத்தில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது. பெரிய மனிதர் சொன்னால் ஓட்டை வாதமும் எடுபடலாம்; தண்ணீர் நிற்காது.

‘வெயிட்ஸ்’ என்று பன்மை

இந்தத் தொடரில் வராது. அது ஜிம்மில் தூக்குவது.