கந்தோர் மெயிலைச் சொந்தப் போனில் போடுவது எப்படி?

கொக்குவிலில் இருக்கும் சித்தி மகள் அண்மையில் கொழும்புக் கம்பனி ஒன்றில் சேர்ந்தாள், வீட்டிலிருந்தே வேலை. முதல் நாளே அழைப்பு வந்தது: "அண்ணா, பாஸ்வேர்ட் சரியாத்தான் போடுறன், உள்ளுக்க விடுதில்லை." போய்ப் பார்த்தேன். அவர்கள் வட்ஸ்அப்பில் அனுப்பிய பாஸ்வேர்டை அப்படியே கொப்பி பண்ணி ஒட்டியிருக்கிறாள். கடைசி எழுத்துக்குப் பின்னால் ஒரு வெற்றிடமும் சேர்ந்து ஒட்டுப்பட்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாத அந்த வெற்றிடத்தோடுதான் அரை நாள் மல்லுக்கட்டியிருக்கிறாள். ஆகவே பாஸ்வேர்ட் பெட்டியின் ஓரத்தில் உள்ள கண் அடையாளத்தைத் தொட்டு, என்ன அடித்திருக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள்.

படி 1: எந்த மெயில் என்று கேளுங்கள்

போனைத் தொட முன்னர் கந்தோரின் ஐடி ஆட்களிடம் ஒரு கேள்வி: "எங்கட மெயில் மைக்ரோசொப்ட் 365இலா, கூகிளிலா, கம்பனியின் சொந்த சேவரிலா?" இது தெரியாமல் தொடங்கினால் வீண் அலைச்சல்தான். கூகிள் என்றால் சுகம்: ஜிமெயில் ஆப்பில் இன்னொரு கணக்காகச் சேர்த்தால் பெரும்பாலும் வேலை முடிந்தது.

படி 2: மைக்ரோசொப்ட் 365 என்றால்

பிளே ஸ்டோரில் அல்லது ஆப் ஸ்டோரில் இரண்டு ஆப்களை இறக்குங்கள்: அவுட்லுக் (மெயில் ஆப்), மைக்ரோசொப்ட் ஒதென்டிகேற்றர் (உள்ளே போவது நீங்கள்தான் என்று உறுதிப்படுத்தும் ஆப்). பெயரின் கீழ் மைக்ரோசொப்ட் என்று இருக்கிறதா என்று பாருங்கள், போலி ஆப்கள் உண்டு. பழைய போன்களில் செய்ததுபோல வெறும் முகவரியும் பாஸ்வேர்டும் கொடுத்து வேறு ஏதோ மெயில் ஆப்பில் போடும் வழியை, மைக்ரோசொப்ட் 2022 ஒக்டோபரில் இருந்து நிறுத்தத் தொடங்கிவிட்டது.

முதலில் ஒதென்டிகேற்றர். கணினியில் கந்தோர்க் கணக்கைத் திறந்தால், பாதுகாப்புத் தகவலைச் சேர்க்கும் பக்கத்தில் ஒரு கியூஆர் கட்டம் வரும். ஆப்பில் வேலைக் கணக்கு என்பதைத் தெரிவுசெய்து, அந்தக் கட்டத்தைக் கமராவால் பிடியுங்கள்.

அப்புறம் அவுட்லுக்கைத் திறந்து முகவரி, பாஸ்வேர்ட் கொடுங்கள். திரையில் 47 என்பதுபோல இரண்டு இலக்க எண் ஒன்று தோன்றும். உடனே ஒதென்டிகேற்றர் ஓர் அறிவித்தல் அனுப்பும், அதில் அதே எண்ணை அடிக்க வேண்டும். தங்கச்சி இங்கேதான் இரண்டாம் முறை தடுமாறினாள். இரண்டும் ஒரே போனில் நடப்பதால் அறிவித்தலைத் தொட்டதும் எண் மறைந்துவிடுகிறது. எண்ணை மனதில் வைத்துக்கொண்டு தொடுங்கள். நீங்கள் உள்ளே போகாத நேரத்தில் இப்படி அறிவித்தல் வந்தால் மறுத்துவிட்டு ஐடிக்குச் சொல்லுங்கள், யாரோ உங்கள் பாஸ்வேர்டை வைத்திருக்கக்கூடும்.

சில கம்பனிகளில் அண்ட்ரொய்ட் போனுக்கு கம்பனி போர்ட்டல் (கந்தோரின் பாதுகாப்பு விதிகளைப் போனில் செயல்படுத்தும் மைக்ரோசொப்ட் ஆப்) என்ற ஆப்பையும் போடச் சொல்லும். பயப்பட வேண்டாம், ஆனால் படி 4ஐ வாசித்துவிட்டுப் போடுங்கள்.

படி 3: சொந்த சேவர் என்றால்

சின்னக் கம்பனிகள் பல இந்த வகைதான். ஐடியிடம் சேவர் பெயரை வாங்குங்கள். கணக்கு வகை கேட்கும்போது ஐமாப் (IMAP) என்பதைத் தெரிவுசெய்யுங்கள், அதில் மெயில் சேவரிலேயே இருக்கும். பொப் (POP) வேண்டாம்: அது மெயிலைப் போனுக்கு இறக்கிவிட்டு சேவரில் அழித்துவிடக்கூடும், பிறகு கணினியில் தேடினால் இருக்காது.

போர்ட் (சேவரின் வாசல் எண்) கேட்டால், வரும் மெயிலுக்கு 993. போகும் மெயிலுக்கு 465 அல்லது 587. பயனர் பெயர் என்ற இடத்தில் உங்கள் பெயரை அல்ல, முழு மெயில் முகவரியையும் அடியுங்கள். மெயில் வருகிறது, போகுதில்லை என்றால் போகும் சேவரின் பகுதியில் பெயரும் பாஸ்வேர்டும் விடுபட்டிருக்கும். உங்கள் சொந்த ஜிமெயிலுக்கு ஒரு மெயில் போட்டு, அங்கிருந்து பதிலும் அனுப்பிப் பாருங்கள்.

படி 4: எதற்குச் சம்மதிக்கிறீர்கள்?

எல்லோரும் வாசிக்காமல் தட்டிவிடும் இடம் இதுதான். போனோடு வந்த மெயில் ஆப்பில் கந்தோர்க் கணக்கைச் சேர்த்தால், "எல்லாத் தரவையும் அழித்தல்" என்ற அனுமதியைக் கேட்கும் திரை சில நேரம் வரும். சம்மதித்தால், வேலையை விட்டு நிற்கும்போதோ போன் தொலைந்தாலோ கந்தோரால் போனை முழுவதுமாகத் துடைக்க முடியும், பிள்ளையின் பிறந்தநாள் படங்கள் உட்பட. அந்தத் திரை வந்தால் பின்வாங்கிவிட்டு, அவுட்லுக் மூலமாக விடுவார்களா என்று கேளுங்கள். அவுட்லுக் வழியில் கம்பனிகள் வழக்கமாகக் கந்தோர்த் தரவை மட்டும் அழிக்கும் ஏற்பாட்டைத்தான் வைத்திருக்கும்.

அண்ட்ரொய்டில் வேலை ஆப்களின் மேல் சின்னப் பை அடையாளம் இருந்தால் அவை தனி அறையில் இருக்கின்றன என்று பொருள். அந்த அறைக்கு வெளியே உள்ள படங்களும் வட்ஸ்அப்பும் கந்தோருக்குத் தெரியாது.

மெயில் பிந்தி வந்தால்

பற்றரியை மிச்சப்படுத்தப் போன் ஆப்பை உறங்க வைத்திருக்கும். செட்டிங்ஸில் அவுட்லுக்கின் பற்றரிப் பகுதிக்குப் போய்க் கட்டுப்பாட்டை நீக்குங்கள். புதுப் போன் வாங்கினால் பழையதை ரவுனில் விற்க முன்னர் ஒதென்டிகேற்றரைப் புதியதில் போட்டு, கந்தோர்க் கணக்கையும் அதில் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஐடி ஆட்கள் மறுபடி திறந்துவிடும்வரை வெளியில்தான் நிற்க வேண்டும்.

தங்கச்சிக்கு இப்போது மெயில் ஒழுங்காக வருகிறது, ஒழுங்குக்கு மேலாகவே வருகிறது. நல்லூரில் பின்னேரப் பூசைக்கு நிற்கும்போதும் அடிக்கிறதாம். அவுட்லுக்கில் தொந்தரவு செய்யாதே என்ற இடத்தில் மாலை 6 மணியிலிருந்து அடைத்துக் கொடுத்தேன்.