சொந்த லினக்ஸ் இமேஜ் உருவாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இமேஜ் என்பது பல கணினிகளில் ஏற்றத் தயாராக வைத்திருக்கும் முழு லினக்ஸின் ஒற்றைக் கோப்பு. அதை உருவாக்கும்போது பேக்கேஜ் (மென்பொருள் தொகுப்பு) பெயரில் எழுத்துப்பிழை, வட்டில் இடம் போதாமை, ரூட் (நிர்வாகி) அனுமதி இல்லாமல் பில்டை (இமேஜ் உருவாக்கத்தை) ஓட்டுவது போன்றவற்றைத் திரையில் வரும் பிழைச்செய்தியே சொல்லிவிடும். நான் எழுத வந்தது வேறு வகைத் தவறுகளைப் பற்றி. பில்ட் சுத்தமாக முடியும், இமேஜும் பூட் ஆகும், எல்லாரும் கைதட்டுவார்கள். பத்துக் கணினிகளில் ஏற்றிய பிறகுதான் தலைவலி ஆரம்பிக்கும். நாங்கள் விழுந்த அதே குழிகளில் புதிதாக வரும் பிள்ளைகளும் விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

பயன்படுத்திய கணினியையே இமேஜ் ஆக்குவது

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான். ஒரு கணினியில் லினக்ஸை நிறுவி, வேண்டியதையெல்லாம் போட்டு, சில நாள் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, அதை அப்படியே சுருக்கி ஐஎஸ்ஓ (இமேஜ் கோப்பு) ஆக்கிவிடுவார்கள். வேலை சீக்கிரம் முடியும் என்பது உண்மை. ஆனால் அந்தக் கணினியின் அடையாளமும் கூடவே போய்விடுகிறது.

ஒரு கல்லூரி ஆய்வகத்தில் உபுண்டு சர்வரை இப்படி ஏற்றியிருந்தார்கள். எல்லாம் ஒரே மாடல் கணினிகள். ஒன்றில் இணையம் வந்தால் பக்கத்துக் கணினியில் போய்விடும். கேபிளை மாற்றினார்கள், ஸ்விட்சை மாற்றினார்கள், ரவுட்டரைத் திட்டினார்கள். நான் இரண்டு கணினிகளின் ஐபி முகவரியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்று. ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனியாக இருக்க வேண்டிய அடையாளத்தை வைத்திருக்கும் மெஷின்-ஐடி கோப்பைத் திறந்து பார்த்தால் அந்த 32 எழுத்து அடையாளமும் அட்சரம் பிசகாமல் ஒன்றுதான்.

காரணம் இதுதான். உபுண்டு சர்வரில் நெட்வொர்க்கைக் கவனிக்கும் சிஸ்டம்டி-நெட்வொர்க்டி, ஐபி முகவரிகளைப் பங்கிடும் டிஹெச்சிபி சர்வரிடம் முகவரி கேட்கும்போது இயல்பாக மேக் முகவரியை (நெட்வொர்க் கார்டின் வன்பொருள் எண்ணை) காட்டி நிற்பதில்லை. மெஷின்-ஐடியிலிருந்தும் நெட்வொர்க் கார்டின் பெயரிலிருந்தும் ஓர் அடையாளத்தை உருவாக்கி அதைக் காட்டும். ஒரே மாடல் என்பதால் நெட்வொர்க் கார்டின் பெயரும் ஒன்றாகவே இருந்தது. அப்போது சர்வருக்கு எல்லாம் ஒரே கணினியாகத்தான் தெரியும். எல்லாவற்றுக்கும் ஒரே முகவரியைக் கொடுக்கும்.

இதைவிட மோசமானது எஸ்எஸ்ஹெச் ஹோஸ்ட் சாவி, அதாவது தொலைவிலிருந்து உள்ளே நுழைகிறவருக்கு ‘இது இந்தக் கணினிதான்’ என்று நிரூபிக்கும் சாவி. எல்லாக் கணினியிலும் ஒரே ரகசியச் சாவி இருந்தால், ஐஎஸ்ஓ கையில் கிடைத்த எவரும் உங்கள் சர்வர் போல வேடம் போடலாம். நெட்வொர்க் மேனேஜர் சேமித்து வைத்த வைஃபை கடவுச்சொல், டெர்மினலில் அடித்த கட்டளைகளின் வரலாறு எல்லாம் இமேஜுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். சில மெகாபைட் மிச்சப்படுத்த அகராதிக் கோப்புகளைத் தேடித் தேடி நீக்குகிறவர்கள் இவற்றைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

செய்ய வேண்டியது என்ன? டெபியன் லினக்ஸின் லைவ்-பில்ட் மாதிரி, சமையல் குறிப்பிலிருந்து ஒவ்வொரு முறையும் புதிதாகச் சமைக்கும் கருவியைப் பயன்படுத்துங்கள். பேக்கேஜ் பட்டியல் ஓர் உரைக்கோப்பு, மாற்றங்கள் ஹூக் ஸ்கிரிப்டுகள் (பில்டின்போது தானாக ஓடும் கட்டளைகள்), அவ்வளவுதான். மெஷின்-ஐடியையும் ஹோஸ்ட் சாவிகளையும் துடைக்கும் ஹூக்குகள் அதிலேயே வருகின்றன. ஆறு மாதம் கழித்துப் பாதுகாப்புத் திருத்தங்களோடு புது இமேஜ் வேண்டுமென்றால், அதே பட்டியலை மறுபடி ஓட்டினால் போதும். பழைய கணினியை நகலெடுத்தவரோ அப்போது அதில் என்னென்ன மாற்றினோம் என்று நினைவைத் துழாவிக்கொண்டிருப்பார்.

ஐஎஸ்ஓவைப் பிரித்து க்ரூட்டுக்குள் (இமேஜின் கோப்புகளுக்குள்ளேயே கட்டளை ஓட்டும் சூழலுக்குள்) போய்க் கையாலேயே மாற்றுவேன் என்றால், கடைசியில் மெஷின்-ஐடி கோப்பைக் காலியாக்குங்கள். கோப்பையே அழிக்காதீர்கள்; காலிக் கோப்பு இருந்தால் முதல் பூட்டில் புது ஐடி எழுதப்படும். டிபஸ் (நிரல்கள் ஒன்றோடொன்று பேச உதவும் சேவை) அடைவில் தனி நகல் இருந்தால் அதையும் இந்தக் கோப்புக்கு இணைப்பாக மாற்றுங்கள். ஹோஸ்ட் சாவிகளை அழித்தால், முதல் பூட்டில் அவற்றைப் புதிதாக உருவாக்க ஒரு சின்ன சர்வீஸ் எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் எஸ்எஸ்ஹெச் சேவை எழுந்திருக்கவே மறுக்கும்.

பரிந்துரைப் பேக்கேஜ்களை மொத்தமாக நிறுத்துவது

ஒரு பேக்கேஜோடு கட்டாயமில்லாமல் கூடவே வரும் பரிந்துரைகளை நிறுத்தினால் இமேஜின் அளவு குறையும், சரி. ஆனால் நிறுவாமலே ஓடும் லைவ் இமேஜில் பயனரை உருவாக்க உதவும் யூசர்-செட்டப் பேக்கேஜும் பரிந்துரையாகத்தான் வருகிறது. அதுவும் சேர்ந்து விழுந்துவிட்டால் லாகின் திரை வரும்; உள்ளே நுழையப் பயனர் இருக்க மாட்டார். நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் அதையும் நிர்வாகி அனுமதி தரும் சுடோவையும் பட்டியலில் நீங்களே எழுதுங்கள்.

மெய்நிகர் கணினியில் மட்டும் சோதிப்பது

கியூஎம்யூ என்ற மெய்நிகர் கணினியில் எல்லாம் ஓடும், ஏனென்றால் அங்கே வைஃபை கார்டுக்கு ஃபர்ம்வேர் (கார்டை இயக்கும் உள்மென்பொருள்) கேட்பவர் யாருமில்லை. 2023இல் வந்த டெபியன் 12 முதல் இத்தகைய ஃபர்ம்வேர்கள் நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் என்ற தனிப் பகுதியில் இருக்கின்றன. உங்கள் உள்ளமைவில் அந்தப் பகுதியும், பட்டியலில் அந்தக் கார்டுக்கான பேக்கேஜும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அப்புறம் ஒரு பழைய பயாஸ் கணினி, செக்யூர் பூட் (கையொப்பமில்லாததைப் பூட் செய்ய மறுக்கும் பாதுகாப்பு) போட்ட ஒரு புதுக் கணினி, இரண்டிலும் பென் டிரைவைச் செருகிப் பூட் செய்து பாருங்கள்.

அமைப்புகளை ஹோம் அடைவில் வைப்பது

புதுப் பயனருக்குப் போகாது. ஸ்கெல் அடைவில் வையுங்கள்; புதுப் பயனரின் ஹோமுக்கு அதிலிருந்துதான் நகல் போகும்.

4 ஜிபி தாண்டிய ஸ்குவாஷ் கோப்பு

முழு லினக்ஸையும் சுருக்கி வைத்திருக்கும் இந்தக் கோப்பை ஃபேட்32 பென் டிரைவில் நகலெடுத்து ஒட்ட முடியாது. இமேஜை டிடி கட்டளையால் நேராக எழுதுங்கள்.

தமிழ் எழுத்துருவை மறப்பது

தமிழ்ப் பயனர்களுக்கென்று செய்துவிட்டு லோகித் தமிழ் எழுத்துருவையும் விசைப்பலகைக்கு ஐபஸ் எம்17என்னையும் விட்டுவிடுகிறார்கள். இணையம் இல்லாத பள்ளியில் அதை எங்கே போய்த் தேடுவார்கள்?

வெளியீடுகளைக் கலப்பது

டெபியன் ஸ்டேபிள் இமேஜில் உபுண்டுவின் பிபிஏவை (தனிநபர் பேக்கேஜ் களஞ்சியத்தை) சேர்க்காதீர்கள். புதிய பதிப்பு வேண்டுமென்றால் முதலில் பேக்போர்ட்ஸில் (ஸ்டேபிளுக்கென்றே புதிய பதிப்புகளைத் தரும் டெபியன் களஞ்சியத்தில்) தேடுங்கள்.