ஓடும் காணொளியில் நிற்கும் படங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கத்துத் தோட்டங்களில், ஹெல்மெட்டில் ஆக்‌ஷன் கேமராவை மாட்டிக்கொண்டு செம்பனைக்கு நடுவே மோட்டாரில் போகிறவர்கள் இப்போது நிறையப் பேர். காணொளி நன்றாகத்தான் ஓடும். நடுவில் கைப்பேசிப் படங்களைச் செருகும் இடத்தில்தான் தட்டுத் தடுமாறும்.

முதல் தவறு, படம் வந்ததும் சத்தத்தை நிறுத்துவது. வண்டி இரைச்சலும் காற்றும் சட்டென்று அடங்கிவிட்டால், காணொளி சிக்கிக்கொண்டது என்றுதான் பார்ப்பவர் நினைப்பார். சித்ரா பௌர்ணமி ரதத்தின் படம் வருகிறதா? அங்கே பதிவான உறுமிச் சத்தத்தை அதன் அடியில் ஓட விடுங்கள். இன்னும் நல்ல வழி, தோட்டத்துச் சாலை ஓடிக்கொண்டிருக்கும்போதே, படம் வர ஒரு நொடிக்கு முன் உறுமியைத் தொடங்குவது. ஊர் வந்துவிட்டது என்று காது முதலில் தெரிந்துகொள்ளும், கண்ணுக்குப் படம் திடுக்கென்று இருக்காது. இதற்கு, வண்டியை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் வெறும் சத்தத்தைப் பதிவு செய்து வைத்திருக்க வேண்டும். ஓடும் வண்டியில் காற்றுதான் விழும். எல்லாவற்றையும் ஒரு பாட்டால் மூடிவிடுவது, சொன்னால் கோபம் வரும், சோம்பேறித்தனம்.

அடுத்தது வடிவம். அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் கைப்பேசிப் படத்தில் பெரும்பாலும் 4:3, காணொளியில் 16:9. திரையை நிரப்ப இழுத்தால் உயரத்தில் கால்வாசி போய்விடும். 1885-இல் கட்டிய நம் தெலுக் இந்தான் சாய்ந்த கோபுரத்துக்கு ஒன்று தலை இருக்காது, இல்லை கால் இருக்காது. நெட்டுக்குத்தாக எடுத்த படமானால் அகலத்தை நிரப்பிவிட்டு, அண்ணாந்து பார்ப்பதுபோல் கீழிருந்து மேலே மெதுவாக நகர்த்துங்கள். இரண்டு பக்கமும் மங்கலான நகலை ஒட்டுவது எனக்குப் பிடிப்பதில்லை. அப்புறம், படத்தை நேராக்கும்போது கோபுரத்தை அளவாக வைக்காதீர்கள். அது நிமிர்ந்துவிடும், பக்கத்துக் கடைகள் சாய்ந்துவிடும்!

ஜூம் செய்வதிலும் கணக்கு உண்டு. 4000 பிக்சல் அகலமுள்ள படத்தை 1920 அகலக் காணொளியில் இரண்டு மடங்குவரை தாராளமாகப் பெரிதாக்கலாம். அதே படம் 3840 அகலமுள்ள 4கே காணொளியில் கொஞ்சம் பெரிதாக்கினாலே மங்கும். வாட்சப்பில் படமாக வந்தது பெரும்பாலும் சுருங்கியிருக்கும். கோப்பாக அனுப்பச் சொல்லி வாங்குங்கள். ஒவ்வொரு படத்தையும் ஜூம் செய்தே ஆகவேண்டும் என்றும் இல்லை. வண்டி இடமிருந்து வலமாகப் போனால், அடுத்து வரும் படமும் அதே பக்கம் லேசாக நகர்ந்தால் போதும்.

எல்லாப் படத்துக்கும் ஒரே 5 நொடி வைத்தால் கல்யாண ஆல்பம் புரட்டுவதுபோல் ஆகிவிடும். ஒரு தட்டு ரொட்டி சானாய்க்கு 2 நொடி தாராளம். லயத்து வீட்டு வாசலில் பாட்டி, பேரப்பிள்ளைகள் எல்லாரும் நிற்கும் படத்துக்கு 6 நொடிகூடக் கொடுக்கலாம், ஒவ்வொரு முகமாகப் பார்க்க வேண்டுமே.

பழைய தோட்டத்துப் படங்களைச் சேர்க்கிறவர்கள், கண்ணாடிச் சட்டத்தோடு கைப்பேசியில் எடுக்காதீர்கள். விளக்கு வெளிச்சம் அதில் வெள்ளையாக விழும். வெளியே எடுத்து 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்தால், 6 அங்குலப் படம் 3600 பிக்சல் வரும். கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தால் மட்டும் பிய்க்க வேண்டாம்.

கேமராவின் மணியும் கைப்பேசியின் மணியும் ஒத்துப்போகாவிட்டால், மத்தியானச் சாப்பாடு காலை ரப்பர் பால்வெட்டுக்கு முன்னால் வந்து நிற்கும். கிளம்பும் முன் கைப்பேசியின் மணியைக் கேமராவால் ஒரு படம் எடுத்து வையுங்கள், வித்தியாசம் எவ்வளவு என்று அதிலேயே தெரிந்துவிடும்.